காலி வண்டி எடை

கான்ஸ்டான்ட்சா துறைமுகத்தின் ஏழாம் வாசலில்
லாரிகளை நிறுப்பது என் வேலை.
கோதுமையோடு உள்ளே போகையில் ஒரு தடவை,
கொட்டிவிட்டு வெளியே வருகையில் ஒரு தடவை.
பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் சரக்கு.
பதினேழு வருடமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை.

தப்புவது என் கணக்குதான்.

விடியுமுன் கடலோரச் சாலையில் ஐந்து கிலோமீட்டர்.
பூட்டிய ஐஸ்கிரீம் கடை வரை ஓட்டம்,
அதன்பின் நடை என்று தொடங்கியது;
இப்போது முழுக்க ஓட்டம்.
கடற்காக்கைகள் எனக்கு வழிவிடுவதைக்கூட
நிறுத்திவிட்டன.
மதியத்துக்கு வேகவைத்த மீன், வெள்ளரிக்காய்,
முந்தின இரவே ஊறவைத்த பீன்ஸ்.
மமலிகா என்ற சொல்லைக்கூட
வாயில் போட்டுக்கொள்வதில்லை.
கல்யாண வீட்டில் ஒரே தட்டை ஏந்தியபடி
மூன்று மணி நேரம் சுற்றிவரத் தெரியும் எனக்கு.

அறுபத்தொரு வாரம்.
குளியலறைத் தராசு சொல்கிறது:
எண்பத்தேழு புள்ளி நான்கு.
இம்மி அசையவில்லை என்று சொல்ல முடியாது.
ஒரு வியாழக்கிழமை எண்பத்தாறு புள்ளி ஒன்பது.
யாருக்கும் சொல்லாமல்
உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன்.
அடுத்த வியாழன் அந்த அரைக் கிலோ
திரும்பி வந்துவிட்டது,
வீட்டுச் சாவி தன்னிடமும் ஒன்று இருப்பதுபோல.

தைராய்டு சரி. சர்க்கரை சரி.
"சாப்பிடுவதையெல்லாம் எழுதி வைக்கிறீர்களா?"
டாக்டர் ஒப்ரிஷானிடம் நோட்டை நீட்டினேன்.
இரண்டு பக்கம் புரட்டினார்.
"எல்லாம்?" என்றார்.
அந்த ஒற்றை 'எல்லாம்'
என்னோடு பேருந்தில் ஏறி
வீடு வரைக்கும் வந்தது.

என் நாத்தனார் லுமினிட்சா
கேக்கின் கடைசித் துண்டை விரலால் வழித்தபடி சொல்கிறாள்:
"மனசு வைக்கணும், சாஃப்தா."
அவள் ஐம்பத்திரண்டு கிலோ.
அவள் மனசை எங்கே வைத்திருக்கிறாள் என்று
நான் கேட்கவில்லை.

உலர்ந்து உள்ளே போன லாரி
மழையில் நனைந்து வெளியே வந்தால்
கணக்கில் நாற்பது கிலோ சரக்கு குறையும்.
அதற்காக யாரும்
கோதுமையைத் திட்டிப் பார்த்ததில்லை.
பெத்ரிக்கா என்று ஒரு ஓட்டுநர்.
நிறுக்கும்போது மட்டும் இறங்கி ஓரமாய் நிற்பார்.
"என் தொப்பையைக் கோதுமை விலைக்கு
விற்க மனசில்லை அம்மா."

நவம்பரில் ஒரு இரவு
கடைசி லாரியும் போனபின்
கீழே இறங்கினேன்.
அறுபது டன் தாங்கும் இரும்பு மேடை,
நடுவில் நான், கோட்டும் பூட்ஸுமாக.
கம்பத்தின் உச்சியில் சிவப்பு எண்கள் யோசித்தன.

80.

இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
நான் அழுத அரைக் கிலோ
அதன் கண்ணில் விழுந்த தூசிகூட இல்லை.
குதித்தேன்.
100, 80, 120, 80.
காவல் நாய் குரைத்தது.
இன்னொரு தடவை குதித்தேன், நாய்க்காக.
பிறகு ஓட்டுநர்கள் அழுத்தும் பொத்தானை
நானே அழுத்தினேன்.

மேலே அறைக்கு இருபத்து மூன்று படி.
பாதியில் நின்று நான் மூச்சு வாங்கும் மூலையில்
யாரோ மணல் வாளி வைத்திருக்கிறார்கள்.
வாளியில் துரு ஏறியிருக்கிறது.
எப்போது வைத்தார்கள்?

திரையில் ஒரு சீட்டு திறந்து கிடந்தது.
வண்டி எண்: விட்டுவிட்டேன்.
சரக்கு: 'இதர' என்று அடித்தேன்.
கடைசிக் கட்டத்தை நிரப்பாமல்
அச்சடிக்க மாட்டேன் என்கிறது இயந்திரம்.
காலி வண்டி எடை?
கட்டத்துக்குள் கோடு ஒன்று
மின்னி மின்னிக் காத்திருந்தது.

நான் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டேன்.
காலையில் ஓட வேண்டும்.